எந்தப் பள்ளி?

உங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே முஸ்லிம்களின் பழைய மையவாடி. பல வருஷமாக யாரையும் அங்கே அடக்கம் செய்யவில்லை, ஆடுதான் மேய்கிறது. திடீரென்று ஒருநாள் அங்கே மண்வெட்டிச் சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? எட்டிப் பார்ப்பீர்களா, ஜன்னலைச் சாத்துவீர்களா?

கருங்காட்டூர் புஷ்பம் சாத்தினாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பக்கத்து மாவட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து டி.வி.யில் விடிந்தால் அடைந்தால் அதே புகைதான். அவளிடம் இட்லி மாவு வாங்க வருகிறவர்கள்கூட மாவைவிட அந்தக் கதையைத்தான் அதிகம் அளந்தார்கள். இதற்கு நடுவில், புது மையவாடியில் குளத்துத் தண்ணீர் ஏறிவிட, பழையதையே மறுபடி திறக்கிறோம் என்றார்கள் ஜமாஅத்தார். "வீட்டுக்குப் பின்னால என்னத்தப் புதைப்பாங்களோ, யாரு கண்டா?" என்று தெருவே சேர்ந்து மனுப் போட்டது. புஷ்பமும் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு மகள் தாரணியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வியாபாரத்துக்கு உட்கார்ந்தாள். தினமும் முதல் ஆளாகத் தூக்குச்சட்டியோடு வரும் தையல்காரி சபுரா வரவில்லை. மாவு மீந்துவிட்டதே என்றுதான் புஷ்பத்துக்குக் கவலை. மத்தியானத்துக்கு மேல்தான் கேட்டது அந்த மண்வெட்டிச் சத்தம். சாத்திய ஜன்னலில் காதை வைத்தாள். ஓர் ஆண் குரல் செல்போனில் பேசியது.

"குழி தயார். பெட்டி பள்ளியிலதான் இருக்கு. தெரு ஜனம் கூடுறதுக்குள்ள சத்தமில்லாம முடிச்சிரணும்."

தாரணி இருப்பது பள்ளியில்! புஷ்பம் மாவுக் கையோடு செல்போனை எடுத்தாள். போலீசுக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஒரு ஜீப் பள்ளிக்கூடத்துக்கும் இன்னொன்று மையவாடிக்கும் பறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுத் தேடியதில் டிபன் பெட்டிகள்தான் அகப்பட்டன. மையவாடியில் நின்றது சபுராவின் தம்பி ஹபீப்.

"எங்க உம்மா மவுத்தாயிட்டாங்க, ஏட்டையா. தூக்கிட்டு வர்ற சந்தூக்குப் பெட்டி பள்ளிவாசல்லதானே இருக்கும்? அதைத்தான் சொன்னேன்."

"தெருவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பாங்களா? இங்க அடங்கியிருக்கிற வாப்பா பக்கத்துல வைக்கிறோம்னு உம்மாவுக்கு அக்கா வாக்குக் கொடுத்திருக்கு."

அதற்குள் தெரு திரண்டுவிட்டது. "போலீசே வந்திருக்குன்னா சும்மாவா?" என்றார்கள். ஏட்டு குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஈர மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும், "புகார் கொடுத்தவங்களே வந்து, தப்பாக் கேட்டுட்டேன்னு சொல்லட்டும். இல்லேன்னா மேலதிகாரி வர்ற வரைக்கும் அடக்கம் கிடையாது" என்று மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சொல்லாமல் குழி வெட்டியவன் ஹபீப். காதில் விழுந்ததை நம்பிப் போன் போட்டவள் புஷ்பம். ஒன்றுமில்லை என்று தெரிந்தும் நிறுத்தி வைத்தவர் ஏட்டு. இதில் யார் செய்தது சரி?

புஷ்பம் செய்ததுதான் சரி. பிள்ளை விஷயத்தில் எந்தப் பள்ளி என்று விசாரித்துக்கொண்டு நிற்க எந்தத் தாயால் முடியும்? ஆனால் அந்தச் சரி, உண்மை தெரிந்த நிமிஷத்தோடு தீர்ந்துபோயிற்று. ஹபீப் சொன்னதும் ஏட்டு சொன்னதும் சாத்திய ஜன்னல் வழியாகவும் புஷ்பத்துக்குக் கேட்டது. சபுரா மாவு வாங்க வராத காரணம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனியும் வாய் திறக்காவிட்டால் அவளும் தப்புக்காரிதானே? மாவு காய்ந்த கையோடு ஓடிப்போய், தெரு முழுக்கக் கேட்க, "நான்தான் பள்ளியைப் பள்ளிக்கூடம்னு நினைச்சிட்டேன்" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் முறைத்துவிட்டுக் கலைந்தார்கள். ஏட்டு மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

சந்தூக்கு தெருமுனையில் வரும்போது புஷ்பத்தின் வாசலில் சபுரா வந்து நின்றாள். நன்றாகக் கேட்கப் போகிறாள் என்று புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்கா, எங்க வழக்கத்துல பொம்பளைங்க மையவாடிக்குள்ள போறதில்ல. உங்க அடுப்படி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுறீங்களா?"