மலைக்குப் போன அண்டாவும் மாப்பிள்ளையும்

மேற்கு மலைக்குக் கீழே கூவப்பேரி என்றொரு ஊர். எல்லா ஊரையும் போல அங்கேயும் முட்டாள்கள் உண்டு. ஆனால் மற்ற ஊர்களில் அவர்கள் அங்கொருவர் இங்கொருவராகச் சிதறிக் கிடப்பார்கள். கூவப்பேரியில் நான்கு பேரும் ஒரே கடையில் வேலை பார்த்தார்கள்.

கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அது. அண்டா, குண்டான், கரண்டி, ஜமுக்காளம் எல்லாவற்றையும் எண்ணி அனுப்ப வேண்டும், எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். போன கரண்டி ஒன்று குறையக் கூடாது. அடுத்த கடைக் கரண்டி ஒன்று கூடவும் கூடாது. இருபது வருஷமாக இதைத் தவிர வேறு எந்த விஷயத்தையும் அவர்கள் மண்டைக்குள் விட்டதில்லை.

நால்வரில் தங்கப்பழத்துக்கு வயசு முப்பத்தேழு. ஆயிரம் கல்யாணத்துக்கு அண்டா அனுப்பியவனுக்கு ஒரு கல்யாணம் கூடிவரவில்லை. பத்து வீட்டில் போய்ப் பஜ்ஜி தின்றான். பத்து வீட்டிலும் "சொல்லி அனுப்புதோம்" என்றார்கள். சொல்லி அனுப்ப ஒருத்தருக்கும் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பதினோராவது வீடு வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. இதுவும் தட்டிப்போனால் தன்னால் ஆகாது என்று தரகர் கையை விரித்துவிட்டார். தங்கப்பழத்துக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

"மூஞ்சில களையே இல்லவே," என்றார் சொரிமுத்து. கடையில் வயசில் மூத்தவர், ஆகவே அறிவிலும் மூத்தவர் என்று அவரே முடிவு செய்துகொண்டவர். "மேல உச்சி ஏரி இருக்குல்லா? ஒரு ராத்திரி அங்க தங்கி, காலையில அந்தத் தண்ணில மூஞ்சியக் கழுவு. பளபளன்னு ஆயிரும்."

சனிக்கிழமை காலையில் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். குற்றாலம் என்பவன் முதுகில் மட்டும் எண்பது பேருக்குச் சோறு பொங்குகிற அண்டா. மேலே சமைக்கப் போவதே இல்லையே என்று பஸ்ஸில் யாரோ கேட்டார்கள். "அண்டா இல்லாம நாங்க எந்த விசேசத்துக்குவே போயிருக்கோம்?" என்று அவன் திருப்பிக் கேட்டான்.

அடிவாரத்தில் பாதைக்குக் குறுக்கே கட்டை போட்டு ஒரு வனக்காவல் சாவடி. அங்கிருந்த வாட்சர், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வதை இவர்களுக்கும் சொன்னார்.

"கொண்டு போறதெல்லாம் திரும்பக் கொண்டு வந்துரணும். மேல உள்ளது ஒரு சுள்ளிகூடக் கீழ வரப்பிடாது. தெரிஞ்சுதா?"

வேறு யாராவது என்றால் பாட்டிலைக் காட்டில் வீசக் கூடாது என்று புரிந்துகொண்டு போயிருப்பார்கள். இவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தங்கள் தொழிலின் அருமை தெரிந்த ஒரு மனுஷனை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் அல்லவா?

சட்டையைப் பிழிந்து பிழிந்து மாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஏறி, மத்தியானம் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். நாலாவது ஆளான எசக்கி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தான். குற்றாலம் அவன் கையைப் பிடித்தான்.

"இருபது இட்லி மேல வந்திருக்கு. தின்னுட்டா எதக் கொண்டு போவ?"

பசி வயிற்றைக் கிள்ள, சொரிமுத்து அரைமணி நேரம் யோசித்தார். கடைசியில் தீர்ப்பு வந்தது.

"வயித்துக்குள்ள வச்சுக் கொண்டு போனாலும் கொண்டு போனதுதானவே. பாத்திரம்தான் மாறுது, சாமான் மாறல."

அவர் புத்தியை மெச்சிக்கொண்டே ஆளுக்கு ஐந்து தின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் அண்டாவைச் சுற்றிப் படுத்துத் தூங்கிவிட்டார்கள். வம்பு விடிந்த பிறகுதான் வந்தது. புதர்ப் பக்கம் அவசரமாகக் கிளம்பிய எசக்கியை மூன்று பேரும் ஓடிப்போய் மறித்தார்கள்.

"எங்கலே போற? அது கீழ போவ வேண்டிய சாமான்லா?"

"அண்ணாச்சி, இது இட்லி இல்ல. முந்தாநாள் வீட்டுல தின்ன சோறு. இட்லி இன்னும் வரிசையில நிக்கி!"

"அந்தச் சோறும் ஒங்கூடத்தான மேல வந்துச்சு?"

எசக்கி திரும்பி வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

தங்கப்பழம் ஏரியில் இறங்கி முகத்தைக் கழுவினான். சும்மா சொல்லக் கூடாது, முகம் நிஜமாகவே தெளிந்துவிட்டது. அவனே தண்ணீரில் தன்னைப் பார்த்து, யாரோ என்று நினைத்து ஒதுங்கி நின்றான். பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய போட்டோவின் இன்னொரு பிரதி குற்றாலத்திடம் இருந்தது. அதையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"மேல வந்த மூஞ்சி இது இல்லியே அண்ணாச்சி. இந்தப் பளபளப்பு ஏரிக்குச் சொந்தம்லா?"

"ஆமாவே. நாம கொண்டு வந்த மூஞ்சியத்தான் கொண்டு போவணும்," என்றார் சொரிமுத்து.

தங்கப்பழத்துக்கு அழுகை வந்தது. அதற்காகத்தானே மலையே ஏறினான்! ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. வெயிலில் உட்கார வைத்து, கன்னத்தில் பழைய வாட்டம் திரும்பும்வரை காய வைத்தார்கள். போட்டோவோடு ஒத்துப்போன பிறகுதான் இறங்க விட்டார்கள்.

பாதி வழியில் தங்கப்பழத்தின் வலது கெண்டைக்காலில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு, புளியங்கொட்டை கனத்துக்கு உப்பியிருந்தது. பிடுங்கப் போன கையைச் சொரிமுத்து தட்டிவிட்டார்.

"அட்டை மேல உள்ள சாமான், கீழ வரப்பிடாது. அதுக்குள்ள இருக்க ரத்தம் நம்ம சாமான், மேல இருக்கப்பிடாது. இப்ப என்னவே செய்ய?"

இப்படி ஒரு சிக்கல் எந்தக் கல்யாண வீட்டிலும் வந்ததில்லை. யோசித்துக்கொண்டே சாவடிக்கு வந்தபோது மணி மூணேகால். வாட்சர் டீ குடிக்கப் போயிருந்தார். கட்டைக்கு இந்தப் பக்கம் தங்கப்பழத்தின் உடம்பைக் கிடத்தினார்கள். அட்டை ஒட்டிய காலை மட்டும் கட்டைக்கு அடியில் காட்டுப் பக்கம் நீட்டி வைத்தார்கள். அட்டை மனசு மாறி ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை காத்திருப்பதாக ஏற்பாடு.

"நாலு மணிக்குப் பொண்ணு பாக்கணுமே அண்ணாச்சி," என்று தங்கப்பழம் படுத்தபடி கெஞ்சினான். "இதையும் விட்டா எனக்கு வேற கதியில்ல."

எசக்கியை ஓடவிட்டார்கள். அவன் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தான். முதலில் ஓடையோரம் ஒதுங்கி, கீழே வந்து சேர்ந்த சாமானை இறக்கிவிட்டு, அடிவாரத்திலேயே இருந்த பெண் வீட்டில் போய்ச் சொன்னான்: "மாப்பிள்ளை வந்தாச்சு. ஒரு கால் மட்டும் காட்டுல இருக்கு."

பெண்ணின் அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "நாலரையோட நல்ல நேரம் முடியுது. அவரு வர முடியாட்டி நாம போயிக் காட்டுவோம்," என்று கேசரித் தட்டோடு மகளையும் எசக்கியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாவடிக்கு வந்துவிட்டார்.

பெண் பெயர் ஆவுடைச்செல்வி. ஊர் நூலகத்தில், போன புத்தகம் திரும்பி வந்ததா என்று பார்க்கிற வேலை. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, மாப்பிள்ளை முகத்தை விட்டுவிட்டு அட்டையை உற்றுப் பார்த்தாள். விவரத்தை முழுக்கக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"ரத்தம் தொலஞ்சு போவலயே. அட்டைக்கு இரவல் போயிருக்கு. பதினஞ்சு நாளுல வந்து திருப்பி வாங்கிக்கிடலாம்."

நால்வருக்கும் திருப்தி. அட்டையும் திருப்தியாகி, காட்டுப் பக்கமே உதிர்ந்து விழுந்தது. தங்கப்பழம் காலை இழுத்துக்கொண்டு எழுந்தான். இந்த மாதிரி ஒரு அறிவாளியைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏரித் தண்ணீரால் வராத களையெல்லாம் முகத்தில் வந்து இறங்கியது.

"பொண்ணு பிடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆவுடைச்செல்வி கேட்டாள்: "மத்த சாமானெல்லாம் சரியா வந்துட்டா?"

"அண்டா, பை, இட்லி, மூஞ்சி... எல்லாம் சரிதான்," என்றான் குற்றாலம்.

"ஏறும்போது வேர்த்திருக்குமே. அந்த வேர்வை எங்க? அத யாருக்கும் இரவலும் குடுக்கலயே?"

சொரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு அண்டாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சிருக்கு மாமா," என்றான் தங்கப்பழம். "ரொம்பப் பிடிச்சிருக்கு. வேர்வைய அள்ளிட்டு வந்து தட்டு மாத்திக்கிடுதேன்."

அண்டாவோடு மறுபடி கிளம்பினார்கள். ஏறினால் இன்னும் வேர்க்குமே என்று எசக்கிக்குச் சந்தேகம் வந்தது. முன்னால் போகிற மாப்பிள்ளைக்குப் பின்னாலிருந்து துண்டால் விசிறினால் வேர்க்காது என்றாள் ஆவுடைச்செல்வி. விசிறுகிற குற்றாலத்துக்கு வேர்க்காமலிருக்க எசக்கி விசிறினான். எசக்கிக்குச் சொரிமுத்து. சொரிமுத்துவுக்கு, கேசரித் தட்டைக் காலிசெய்துவிட்டு, மாமனார்.

டீ குடித்துவிட்டு வந்த வாட்சர் கையில் மாமனாருக்கு விசிறச் சொல்லி ஒரு துண்டைக் கொடுத்திருக்கிறார்கள். வாட்சருக்கு விசிறத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லையாம்.