குளிர வைத்த விளக்கு

"அவன் பாட்டுல அப்படி என்ன இருக்கு அம்மா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

தலை நரைத்தவர். நிலபுலன், பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் ஊரில் விட்டுவிட்டுக் கவி கற்க வந்தவர். ஆசிரியை உமையாள் வயதில் அவரைவிட இளையவள். கவியில் பெரியவள் என்பதால் அம்மா என்றுதான் அழைப்பார்.

'அவன்' என்றது ஹாரிதை. பாலைநிலத்து நாடு ஒன்றிலிருந்து கப்பலேறி வந்து உமையாளிடம் கற்கும் கவிஞன். தமிழை ஏட்டில் கற்றான். பேசுவதும் ஏட்டுத் தமிழ்தான்.

தைப்பூசத்தன்று கோயில் மண்டபத்தில் இருவரில் முதலில் பாடப்போவது யார் என்று உமையாள்தான் சொல்ல வேண்டும். தில்லைநாயகத்துக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நீங்களும்தானே கேட்டீங்க. என்ன இருந்தது?" என்றாள் உமையாள்.

"அவங்க ஊர்ல விருந்தாளி தண்ணி குடிச்சு முடிக்கிறவரைக்கும் அவன் பேரைக்கூட யாரும் கேட்க மாட்டாங்களாம். அதைக் கேட்டுட்டு ஆளாளுக்குக் கண்ணைத் துடைக்கிறான். அவனுக்கென்ன, மணல் இருக்கு, ஒட்டகம் இருக்கு. எங்க ஊர்ல என்ன இருக்கு? வயலும் வாய்க்காலும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உமையாள் அதைச் சொல்லவில்லை.

"அப்ப நீங்களும் ஒட்டகத்தையே பாடுங்களேன்."

அன்றிரவே எழுதி முடித்தார். பொறாமை ஆளை நன்றாக வேலை வாங்கும். இலக்கணம் ஓரிடத்திலும் பிசகவில்லை.

மறுநாள் விடியுமுன் மூவரும் விளக்கடியில் உட்கார்ந்தார்கள். தில்லைநாயகத்தின் பாட்டில் மணல் பறந்தது, ஒட்டகம் நடந்தது. கடைசியில் பாலையில் மழை பெய்தது. மழையைக் கண்ட மக்கள், வெளியே காய்ந்ததை வாரிக்கொண்டு குடிலுக்குள் ஓடினார்கள்.

பாடி முடித்ததும் அவர் பார்த்தது ஆசிரியையை அல்ல, ஹாரிதை.

"அழகாக இருக்கிறது," என்றான் அவன். பிறகு தயங்கினான். "ஐயா, அவர்கள் ஏன் உள்ளே ஓடுகிறார்கள்?"

"மழை வந்தா ஓட மாட்டாங்களா? களத்துல நெல்லு காயுது, நனைஞ்சா..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்கள் நாட்டில் மழை வந்தால் எல்லோரும் வெளியே ஓடி வருவோம்," என்றான் ஹாரித். "படுத்த படுக்கையாய் இருப்பவரைக்கூடத் தூக்கி வருவோம்."

சும்மா சொன்ன அந்தப் பேச்சு தம் பாட்டு முழுவதையும்விட நன்றாக இருந்தது. தில்லைநாயகம் ஏட்டைக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவனே பாடட்டும். நான் ஊரைப் பார்த்துப் போறேன்."

உமையாள் தடுக்கவில்லை. வாசலில் வெளிச்சம் வந்திருந்தது.

"போறப்ப அந்த விளக்கை அணைச்சிட்டுப் போங்க," என்றாள்.

தில்லைநாயகம் திடுக்கிட்டு நின்றார்.

"என்ன அம்மா, காலங்காத்தால வாயில அந்தச் சொல்லு?"

"எந்தச் சொல்?" என்று கேட்டான் ஹாரித்.

"விளக்கை அணைன்னு சொல்லக் கூடாது. குளிர வைன்னுதான் சொல்லணும்."

"ஏன்?"

அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"அணைஞ்சுதுன்னா ஒரு குடும்பமே அத்துப் போன மாதிரி. இது அப்படியில்ல. இவ்வளவு நேரம் நமக்காகச் சூட்டுல நின்னுது. இனிமே கொஞ்சம் குளிரட்டும். வாயால ஊதவும் மாட்டோம்."

பூசைத் தட்டிலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூவை எடுத்துச் சுடரின்மேல் வைத்தார். மெல்லப் புகை வந்தது. வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹாரித் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் கறுத்திருந்தது. தில்லைநாயகத்துக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். சில நாளாகக் குளிக்கப் போகும்போதெல்லாம் குளத்துத் தண்ணீரில் அவர் பார்ப்பது அதைத்தான்.

"எங்கள் மொழியில் இதற்குச் சொல் இல்லை," என்றான் ஹாரித். "நாங்கள் ஊதிவிடுவோம்."

பிறகு எழுத்தாணியை எடுத்தான்.

"ஐயா, நீங்கள் எழுதப்போவதில்லை என்றால் இதை நான் எழுதிக்கொள்ளலாமா?"

தில்லைநாயகம் உட்கார்ந்தார். கட்டிய ஏட்டை அவிழ்த்தார்.

"தொடாதே தம்பி," என்றார். "அது எங்க வீட்டு விளக்கு."