காதில் விழுந்த நட்சத்திரங்கள்

"நாங்க உங்களுக்கு வேண்டாதவங்களா போயிட்டோமாம்மா?"

செருப்பைக் கழற்றும் முன்பே மாசிலாமணி கேட்டுவிட்டார்.

அமுதவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலையடிவாரத்து மடத்தில் அவள்தான் குரு. பிறவியிலேயே கண் தெரியாது. மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இதில் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

"உட்காருங்கண்ணே. யார் மேல கோபம்?"

"உங்க மேலதான். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழிச்சு ஒரு பொம்பளைப் பிள்ளை. உங்க வாயாலதான் பேர் வைக்கணும்னு என் வீட்டுக்காரி பூரணம் ஒத்தக்கால்ல நின்னா. ஊரே வந்துச்சு, நீங்க வரல. வந்தவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டாங்க. பிள்ளை இன்னும் பேரில்லாம தொட்டில்ல கிடக்கு."

அமுதவல்லியின் கை நின்றது.

"பிள்ளையா? உங்களுக்கா? எப்பண்ணே?"

"கண்ணு பட்டுடும், பொறக்கிற வரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு மாமியார் உத்தரவு. பொறந்ததும் முதல்ல உங்களுக்குத்தானே அனுப்பினேன்!"

"என்ன அனுப்பினீங்க?"

"அழைப்பு. வாட்ஸ்அப்ல."

"ஒரு போன் போட்டிருக்கலாமே."

"நல்லா சொன்னீங்க! அழைப்புன்னா அழைப்பு மாதிரி இருக்க வேண்டாமா?"

மாசிலாமணிக்குத் தொழில் பேனர் அடிப்பது. காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, அவர் கைபட்டால் எழுத்துக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் மின்னும். ஒரு வரியைக்கூட அம்மணமாகத் தெருவுக்கு அனுப்ப அந்த மனுஷருக்கு மனசு வராது.

அமுதவல்லி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். வருகிற செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டும் போன் அது. விரலால் ஒரு தட்டுத் தட்டித் தரையில் வைத்தாள்.

"கேளுங்க."

போன் பேசியது.

"நட்சத்திரம். மின்னும் நட்சத்திரம். நட்சத்திரம். மினுமினுப்பு. மின்னும் நட்சத்திரம். நட்சத்திரம்."

மாசிலாமணி விழித்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க அனுப்பினதுதான்."

"நட்சத்திரம் சத்தம் போடுமா?"

"படத்தையும் பேர் சொல்லித்தானே இது படிக்கும். எனக்கு வேற எப்படி வரும்?"

"மினுமினுப்பு. நட்சத்திரம். மின்னும் நட்சத்திரம்."

கீரை ஆய்ந்து முடிந்தது. பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. போன் மட்டும் ஓயவில்லை.

"அன்னைக்கு உலையில அரிசியைப் போட்டுட்டுக் கேட்க உட்கார்ந்தேன்" என்றாள் அமுதவல்லி. "இதோ விஷயம் வரும், அதோ வரும்னு உட்கார்ந்திருந்தேன். சோறு குழைஞ்சு கஞ்சியாச்சு. சரி, அண்ணே வானத்தைத்தான் அனுப்பியிருக்காருன்னு மூடி வச்சுட்டேன்."

"அடக் கடவுளே! விஷயம் கடைசி வரியிலதானே இருக்கு!"

தலையில் அடித்துக்கொண்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக வந்த மனுஷர் சிரிக்கிறோமே என்று அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. அவளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"சரிண்ணே, இப்ப அனுப்புங்க. இங்க உட்கார்ந்தே."

மாசிலாமணி சட்டென்று தட்டினார். போன் ஒரே மூச்சில் படித்தது.

"பெண் குழந்தை. பெயர் சூட்ட வரவும்."

அமுதவல்லி காதைக் குடைந்துகொண்டாள்.

"நாளைக்குக் கரண்ட் கட்டுங்கற மாதிரி இருக்கே."

"நட்சத்திரத்தையெல்லாம் எடுத்துட்டேம்மா."

"எடுத்தா இவ்வளவுதான் மிஞ்சுதா?"

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போகட்டும். பிள்ளை எப்படிண்ணே இருக்கா?"

"எப்படின்னா..." மாசிலாமணி கையை விரித்தார். அது அவளுக்குத் தெரியாது என்று நினைவு வந்து மடக்கிக்கொண்டார். "இத்தனூண்டும்மா. கொட்டாவி விட்டா முகம் முழுக்க வாயாயிடுது. என் சுண்டு விரலைப் பிடிச்சா விட மாட்டேங்கறா. வலிக்குதும்மா, சத்தியமா வலிக்குது. அப்படியொரு பிடி."

துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"இதை ஏண்ணே எழுதல?"

"எங்கம்மா எழுத? நட்சத்திரம் போக இடமே..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

பிறகு போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார். தட்டினார், யோசித்தார், தனக்குத்தானே சிரித்தார், மறுபடி தட்டினார். அமுதவல்லி அவசரப்படுத்தவில்லை.

போன் படித்தது.

"அம்மா, எங்க வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கா. கொட்டாவி விட்டா முகம் முழுக்க வாயாயிடுது. விரலைப் பிடிச்சா விட மாட்டேங்கறா. பூரணம் தூங்காம அவளையே பார்த்துட்டிருக்கா. நான் பூரணத்தைப் பார்த்துட்டிருக்கேன். அவ இப்படிச் சிரிச்சுப் பார்த்ததே இல்லம்மா. பேர் ஒண்ணுதான் பாக்கி. வாங்க."

அதற்குள் அமுதவல்லி எழுந்து கைத்தடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கீரை மடியிலிருந்து கொட்டியது, அவள் கண்டுகொள்ளவில்லை.

"நட்சத்திரம்" என்றது போன்.

மாசிலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பழக்கதோஷம்மா! கடைசியில கை தானா ஒண்ணு போட்டுடுச்சு. இதோ அழிச்சுடறேன்."

"கையை எடுங்கண்ணே, அது இருக்கட்டும்!"

அவள் வாசற்படி இறங்கிவிட்டிருந்தாள்.

"பிள்ளை பொறந்திருக்குல்ல!"