சிங்காரி கீறிய பேண்டு செட்

எங்கள் பேண்டு செட்டில் ஐந்து பேர். மூளை மொத்தம் எத்தனை என்று கேட்காதீர்கள். நான் பெரிய மேளம் அடிப்பவன், எனக்கு எண்ணிக்கை நான்கு வரைக்கும்தான்.

எதையும் ஐந்து பங்கு போடுவது எங்கள் வழக்கம். கல்யாண வீட்டில் ஒரே ஒரு லட்டு கொடுத்தாலும் நூல் போட்டு ஐந்தாக அறுத்துவிடுவோம்.

மேளத்தில் ஒரு பக்கத் தோல் கிழிந்திருந்தது. அதற்குள் சிங்காரி என்ற பூனை குடியிருந்தது. அது உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மறுபக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு, கையை உள்ளே விட்டேன். இருந்தது.

கீறல் பட்ட பத்தாம் நாள் காய்ச்சல். அக்குளில் நெறி கட்டி, வலது கையைத் தூக்கவே முடியவில்லை. தேர்த் திருவிழாவுக்குப் பன்னிரண்டே நாள். மேளம் இல்லாவிட்டால் வேறு செட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பூனை நகத்துல இருந்த கிருமி கீறல் வழியா உள்ள போயிருக்கு," என்றார் டாக்டரம்மா. "அஞ்சு மாத்திரை தர்றேன். அஞ்சு நாளைக்கு, தினம் ஒண்ணு."

மாத்திரை ஐந்து, நாங்களும் ஐந்து பேர். எங்கள் தலைவர், கிளாரினெட் ஞானப்பிரகாசம், யோசித்தார்.

"அப்பாவு, ஊர்வலத்துல பெரிய மேளம் எங்க வரும்?"

"கடைசியிலண்ணே."

"அப்ப உன் மாத்திரையும் கடைசியிலதான்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தினம் ஒருவர் மாத்திரையை விழுங்கிவிட்டு என் அக்குளைத் தொட்டுப் பார்ப்பார். கட்டி எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ந்தது. ஐந்தாம் நாள் என் பங்கை விழுங்கிவிட்டு, மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கீறல் பட்டவங்கதான்யா மாத்திரை சாப்பிடணும்!"

வீட்டுக்குத் திரும்பினோம்.

"நாலு பேரு கீறலே இல்லாம சாப்பிட்டுட்டோமேண்ணே," என்று டிரம்பெட் பெரியநாயகம் கண் கலங்கினார்.

"இப்ப பட்டுக்கிட்டா சரியாப்போச்சு," என்றார் தலைவர்.

நால்வரும் வரிசையாக மேளத்துக்குள் கையை விட்டார்கள். நான் இடது கையால் அடித்தேன்.

டாக்டரம்மா நான்கு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, எங்கள் ஐந்து பேரையும் திட்டித் தீர்த்து, ஆளுக்கு ஐந்து மாத்திரை கொடுத்தார். "அவங்கவங்க மாத்திரைய அவங்கவங்களே சாப்பிடணும்." பங்கு போடாமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்றது. ஆனாலும் கட்டி கரைந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள், தலைவர் சிங்காரியையே வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம அஞ்சு பேருக்கும் கீறல் இருக்கு. பாவம், இதுக்கு மட்டும் இல்ல."

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பெயர் வந்தது.

மறுநாள் காலை, தேருக்குப் போகிற வழியில், சீருடையோடு மாட்டாஸ்பத்திரியில் நின்றோம். டாக்டர் சிங்காரியின் மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னக் கீறல்தான். எந்தப் பூனைய்யா கீறுச்சு?"

நான் வலது கையைத் தூக்கினேன். தலைக்கு மேல் வரைக்கும் போனது. துளிகூட வலிக்கவில்லை.