மத்தி மீனும் ராயப்பன் ஜாடியும்

கம்பத்துக்கு மேற்கே, மலை இறங்கி வந்து கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு கன்னியர் மடம் இருந்தது. மடத்தைச் சுற்றிப் பந்தல் பந்தலாய்த் திராட்சை. பூசைக்கு வேண்டிய ரசத்தை அங்கே பெலிசித்தா சிஸ்டர்தான் போடுவார். வயசு நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் ஒயின் விஷயத்தில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்தில் மறுபேச்சு கிடையாது.

அவரிடம் சீடராய் வந்து சேர்ந்தவர் ராயப்பன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். சொந்தமாய் டீக்கடை. கிறிஸ்துமஸ் விருந்தில் ஆட்டுக்கறிச் சோற்றுக்கு நடுவே சிஸ்டர் கொடுத்த கறுப்பு ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு, திராட்சை எப்படி இப்படி ஆச்சு என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனார். கேள்வியோடே திரும்பி வந்துவிட்டார்.

அவர் சம்சாரம் சூசையம்மா தடுக்கவில்லை. முதல் ஜாடி ஒழுங்காய் வந்தால் அங்கேயே கிடங்க, வராவிட்டால் பேசாமல் பாய்லர் பக்கம் வந்து நில்லுங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மடத்தில் ராயப்பன் கேட்காத கேள்வி இல்லை. பழத்தை நசுக்கி ஜாடியில் போட்டு, வாய்க்குத் துணியால் வேடு கட்டுகிறோமே, மூடியை இறுக்கிப் போட்டால் என்ன என்று கேட்டார். உள்ளே மூச்சு முட்டி ஜாடி வெடிக்கும் என்றார் சிஸ்டர். தோலையும் சேர்த்து ஏன் ஊறப் போடுகிறோம் என்று கேட்டார். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கு, உங்க டீத்தூள் மாதிரி, நேரம் போகப் போக இறங்கும் என்றார். ஜாடியில் காதை வைத்தால் முணுமுணுவென்று கேட்கிறதே, அது என்ன?

"இட்லி மாவு பொங்கும்போது பேச வாய் இருந்தா இப்படித்தான் பேசும்ணே."

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவே இல்லை. நல்ல ஒயின் எது? அதை அவர் கேட்கும்போதெல்லாம் சிஸ்டர் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பிவிடுவார். அதனால் ராயப்பனே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சிஸ்டர் வருஷக்கணக்கில் பழகவிட்ட அந்தக் கறுப்பு ஒயின்தான் நல்ல ஒயின். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வாயைக் கொப்பளித்து, கண்ணை மூடி ஒரு சொட்டு நாக்கில் வைத்தால், நாவல்பழம் வரும், ஏலக்காய் வரும், மழையில் நனைந்த மரக்கட்டை வாசம்கூட வரும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

பழம் அறுத்த சமயம் அவர் தன் முதல் ஜாடியைத் தனியாகப் போட்டார். சிஸ்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஜாடி பேசவில்லை. தினமும் காதை வைத்துக் காது வலித்ததுதான் மிச்சம். ரொம்ப நாள் கழித்து உள்ளே ஏதோ முனகியது. பூசணம் பிடித்துவிடுமோ என்று பயந்து தோலை எல்லாம் அள்ளி வெளியே போட்டார். கடைசியில் கிடைத்தது, ரோஸ் நிறத்தில், தண்ணியாய், இனிப்பு வற்றாத ஒரு சரக்கு. துவர்ப்பு பேருக்குக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பையைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

"ஜாடி போச்சு சிஸ்டர். ஏன் போச்சுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, கொட்டிட்டு ஊருக்குப் போயிடுவேன்."

சிஸ்டர் அடுப்பை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

"பழத்தைக் கழுவினீங்களா?"

"பளபளன்னு. மேல வெள்ளையா மருந்து பூத்திருந்துச்சு. எங்க வீட்டுல பிள்ளைகளுக்குக் கழுவுற மாதிரியே கழுவினேன்."

"மஞ்சள் போட்டா?"

"கல்லுப்பும்."

சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நம்ம தோட்டத்துல மருந்து ஏதுண்ணே? அந்த வெள்ளைப் பூச்சுதான் பழத்தை ஒயினாக்குறது. வேலைக்கு வந்த ஆளைக் குளிப்பாட்டி வெளிய அனுப்பிட்டு, வேலை ஏன் நடக்கலைன்னு கேக்குறீங்க."

ராயப்பன் பையைத் தூக்கினார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார் சிஸ்டர். ஜாடியைச் சாப்பாட்டுக்கு அப்புறமும் கொட்டலாமாம்.

வெள்ளிக்கிழமையில் மடத்தில் கறி கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மத்தி மீன், மண்சட்டியில், மிளகாய் அரைத்து ஊற்றிய குழம்பாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. இலையில் சோறும் குழம்பும் விழுந்தன. பக்கத்தில் இரண்டு டம்ளர் வந்தது. ஒன்றில் கறுப்பு ஒயின். இன்னொன்றில் அவருடையது.

ராயப்பன் ஒரு கவளம் மீனும் சோறும் விழுங்கி, ஆசையாய்க் கறுப்பை எடுத்தார். நாக்கில் பட்டதும் முகம் கோணியது. பழைய ஆணியை வாயில் போட்டுச் சப்பின மாதிரி இருந்தது. காரம் தலைக்கேறிக் காதில் போய் நின்றது. நாவல்பழத்தைக் காணோம், ஏலக்காயைக் காணோம். கிறிஸ்துமஸ் அன்று ஆட்டுக்கறியோடு குடித்தபோது இப்படி இல்லை.

"இதுவும் கெட்டுப்போச்சா சிஸ்டர்?"

"மோந்து பாருங்க."

மோந்தார். காலையில் இருந்த அதே வாசம். ஒரு குறையும் இல்லை.

மனசே இல்லாமல் இன்னொரு கவளத்தை விழுங்கி, தன் டம்ளரைத் தொட்டார். காதில் நின்ற காரம் படியிறங்கி வந்து உட்கார்ந்தது. மீன் மீனாகவே ருசித்தது. சொல்லாமலே அடுத்த கவளம் போனது. அதற்கடுத்ததும் போனது. ராயப்பன் மறுசோறு கேட்டார்.

சிஸ்டரும் எதிரே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் உங்க ஜாடியிலயே ஊத்துங்கண்ணே."

சாப்பிட்டு முடிப்பதற்குள் ராயப்பனுக்குப் பெருமையில் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. போய்ப் பையை அவிழ்த்தார். அடுத்த தடவை தோட்டத்துப் பழம் முழுவதையும் மஞ்சள் போட்டே கழுவிவிடுவதாய்ச் சொன்னார். அப்புறம், குரலைக் கொஞ்சம் தணித்துக் கேட்டார்.

"அப்போ நல்ல ஒயின் இதுதானே சிஸ்டர்? அந்தக் கறுப்பு எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? கொட்டிடலாமா?"

சிஸ்டர் இலையை மடித்தார். கையைக் கழுவினார். மூலையில் கிடந்த கூடையைத் தட்டி எடுத்து, அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்குச் சனிக்கிழமைண்ணே. காலையில போய் ஆட்டுக்கறி எடுத்துட்டு வாங்க."