மண்ணாங்கட்டி மேல ஏறின தளவாய்

ஒரே ஒரு ஊரு. ஊருன்னா ஊரில்ல, எல்லைக்கோட்டை. சுத்திலும் தேரிக்காடு, எங்க பாத்தாலும் செம்மண்ணு. அந்தக் கோட்டையில மூக்காயின்னு ஒருத்தி இருந்தா. குதிரைப்படைக்குப் புல்லறுத்துப் போடுறது அவ வேல. புல்லுச் சுமக்க அவகிட்ட ஒரு குதிர. அதுவும் அசல் செம்மண் நிறம். படுத்துக்கிச்சுன்னா குதிர எது, தர எதுன்னு தெரியாது. அதனால மண்ணாங்கட்டின்னு பேரு வச்சிட்டாங்க.

அந்தப் படையில குதிர நிறத்துக்குத் தக்கன மரியாத. வெள்ளக்குதிர தலைவமாருக்கு. கருப்பு, பழைய வீரருக்கு. சாம்பலும் புள்ளியும் மத்தவங்களுக்கு. மண்ணு நிறமா? அது புல்லுக்கு. இப்படி வகுத்து வச்சவரு படைக்கெல்லாம் பெரியவரு, தளவாய் நல்லபெருமாளு. அவரு குதிர பால்வெள்ள, சொல்லணுமா என்ன.

எல்லையில ஒரு ஓட. ஓடைக்கு அந்தக் கர எதிரியோடது, நல்ல புல்லும் அங்கதான். மூக்காயி தெனம் காலையில மண்ணாங்கட்டியக் கூட்டிக்கிட்டு ஓடையத் தாண்டிப் போவா, அறுத்துக் கட்டி ஏத்திக்கிட்டு வருவா. எதிரி சும்மா விடுவானான்னு கேக்குறியா? விடுவான். புல்லறுக்கிறவங்க மேல கை வைக்கக் கூடாது, புல்லறுக்கிறவங்களும் கத்தி எடுக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் அந்த வழக்கம். அவன் குதிரைக்கும் வயிறு இருக்குல்ல.

அப்புறம் சண்ட வந்துச்சு. மொத நாளு வெள்ளக்குதிரையில ஒரு தலைவன் போனான், அம்பு பட்டு விழுந்தான். ரெண்டாம் நாளு இன்னொருத்தன் போனான், அவனும் விழுந்தான். மூணாம் நாளு மூணாமவன் போனான், அவனும் போயிட்டான். செம்மண்ணுல வெள்ளக்குதிர வந்தா எதிரி வேற யாரத் தேடுவான்? நாலாம் நாளைக்கு ராஜாவே கோட்டைக்கு வந்து, "தளவாய், நாளைக்கு நீரே போம்"னுட்டாரு.

தளவாய் தன் வெள்ளக்குதிரைய ஒருக்கப் பாத்தாரு, செம்மண்ண ஒருக்கப் பாத்தாரு. நேரா மூக்காயி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"மூக்காயி, மண்ணாங்கட்டிய எனக்குக் குடு."

"அது புல்லுக்குதிர, சாமி."

"இருக்கட்டும். என் வெள்ளக்குதிரையில உன் புருசன் சங்கிலி ஏறட்டும். எவ்வளவு பெரிய மரியாத, பாத்தியா!"

மூக்காயி புருசன் சாம்பல்குதிரக்காரன், ஒரு மூலையில போயி ஒரு மூலையில வந்துருவான். "வேண்டாம் சாமி, ரெண்டு பிள்ள இருக்கு"ன்னா. அவரு கேக்கல. கால்ல விழுந்தா. கேக்கல. ராஜாகிட்ட சொல்லுவேன்னா. "சொன்னா இப்பவே அவன் தல போகும்"னு போயிட்டாரு.

சங்கிலி சொன்னான், "தளவாய் சொல்ல மீற முடியுமா, பிள்ள? விடு." அவளால விட முடியல. ஒரு பாட்டம் அழுதா. அழுது முடிச்சிட்டு, கோட்டையில இருந்த மருதாணி பூராவும் பறிச்சா, அரைச்சா, அந்த வெள்ளக்குதிர மேல அப்பினா. விடிஞ்சதும் கழுவினா, குதிர செம்மண்ணாட்டம் நிக்குது.

தளவாய் வந்து பாத்தாரு. "ஏடி, என் வெள்ளக்குதிர எங்க?"

"இதுதான் சாமி. போருக்குப் போற குதிரைக்கு மருதாணி வைக்கிறது நம்ம வழக்கந்தான?"

"காலுக்கும் வாலுக்குந்தானடி வைப்பாங்க!"

"கால்லதான் ஆரம்பிச்சேன் சாமி. கை நிக்கல."

அவரு சாட்டைய ஓங்குறதுக்குள்ள முரசு அடிச்சிட்டாங்க. ராஜா வேற பாத்துக்கிட்டு நிக்காரு. சரின்னு சங்கிலிய மருதாணிக்குதிரையில ஏத்திவிட்டு, இவரு மண்ணாங்கட்டி மேல ஏறிட்டாரு.

வாசலத் தாண்டுச்சு பட. எல்லாக் குதிரையும் இடப்பக்கம் திரும்புச்சு. மண்ணாங்கட்டி வலப்பக்கம் திரும்புச்சு. காலையில அது போற வழி அதுதான. தளவாய் கடிவாளத்த இழுத்தாரு, போச்சு. உதைச்சாரு, போச்சு. கெஞ்சினாரு, அப்பவும் போச்சு. ஓடையத் தாண்டி, புல்லு மேட்டுல போயி நின்னுக்கிச்சு.

எதிரி காவக்காரன் ஒருத்தன் எட்டிப் பாத்தான். "அண்ணே, புல்லுக்குதிர வந்திருக்கு. ஆனா மூக்காயிக்கு மீச மொளைச்சிருக்கே!"

நாலு பேரு வந்து சுத்திக்கிட்டாங்க. "யாருய்யா நீரு?"

தளவாய் சுத்தியிருந்த புல்லப் பாத்தாரு. "பு... புல்லறுக்க வந்தேன்."

"அப்படியா? கத்திய இங்க குடும். இந்தாரும் அருவா. அறும்."

அறுத்தாரு. கை கொப்புளிச்சுச்சு, அறுத்தாரு. முதுகு ஒடிஞ்சுச்சு, அறுத்தாரு. பொழுது சாயவும் கட்டி ஏத்தவிட்டுச் சொன்னாங்க: "புல்லுக்காரன் மேல நாங்க கை வைக்க மாட்டோம். ஆனா இனி உம்மக் கத்தியோட பாத்தோம், வழக்கத்த மீறினவன்னு அங்கயே வெட்டிருவோம்."

மண்ணாங்கட்டி சுமையோட முன்னால வருது, தளவாய் தலையில ஒரு கட்டோட பின்னால வாராரு. வாசல்ல மூக்காயி நிக்கா. அவ பக்கத்துல சங்கிலி, ஒரு கீறல் இல்ல. யாரு தலைவன்னு தெரியாம எதிரி அம்பெல்லாம் மண்ணுல விழுந்து, பட ஜெயிச்சு வந்திருச்சு. மூக்காயி அவன் கையப் பிடிச்சவ விடவே இல்ல.

ராஜா கேட்டாரு, "என்ன தளவாய், நாளைக்கும் எல்லைக்குப் போகணுமே, கத்தி எங்க?"

நல்லபெருமாளு தலக்கட்ட இறக்கிக் குதிரைகளுக்குப் போட்டாரு. மறுநாளு காலையில அருவாளோட மூக்காயி வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "எந்தப் பக்கம் புல்லு நல்லாருக்கும்?"னு கேட்டாரு.

அடுத்தவன அம்புக்கு முன்னால நிறுத்தினவன் பாடு அவ்வளவுதான். அவரு அறுத்த புல்லு குதிரைக்கு, நான் சொன்ன கத உங்களுக்கு.