கண்ணாடியோரச் சிவப்பு

பெட்டியைக் கல்லூரியில் திரவங்களின் ஓட்டத்தைச் சோதிக்கும் ஃப்ளூயிட்ஸ் லேப் வாசலில் வைத்துவிட்டு முப்புடாதி உள்ளே போனான். படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போவது என்று முடிவு செய்திருந்தான். பாடம் எடுக்கும் ஹமீதா மேடத்திடம் மட்டும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மேடம் கிளிசரின் கேனைத் திறந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாரும் டூர் பஸ்ஸுல ஏறிக்கிட்டு இருக்காங்க. நீ இங்க என்ன பண்றே?"

"ஊருக்குப் போறேன் மேடம். இனி வரமாட்டேன்."

"வீட்டுல சொல்லிட்டியா?"

"இல்ல."

தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் மகன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா.

"உன் கிளாஸ் மரியதாஸை அடிச்சியாமே?"

"சிரிச்சான் மேடம். சேவியர் போயி ஒரு மாசம்கூட ஆகல. மெஸ்ஸுல உப்புமாவைப் பாத்து என்னமோ சொல்லிச் சிரிக்கான். கூட எல்லாரும் சிரிக்காங்க."

சேவியர் அவனுடைய அறைத்தோழன். டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது முப்புடாதிதான். வகுப்பு முழுவதும் அழுதது. பிறகு அதே வகுப்பு பரீட்சை எழுதியது, கிரிக்கெட் ஆடியது, டூருக்குப் பேர் கொடுத்தது. முப்புடாதி மட்டும் இன்னும் அந்தக் கட்டிலருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"அவங்களுக்கு நெஞ்சே கிடையாதா மேடம்? இல்ல, எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

சற்றே சாய்த்து வைத்திருந்த நீளமான கண்ணாடித் தொட்டியில் மேடம் கிளிசரினைத் திறந்துவிட்டார். அது அவசரமில்லாமல் ஓடத் தொடங்கியது. சிவப்புச் சாயம் நிரப்பிய டிராப்பரை அவனிடம் நீட்டினார்.

"இந்தக் கண்ணாடியில இருந்து அந்தக் கண்ணாடி வரைக்கும் குறுக்க ஒரு கோடு போடு."

போட்டான். கோட்டின் நடுப்பகுதி முன்னே நகர்ந்தது. கோடு வில்லாக வளைந்தது. வளைவு நீண்டுகொண்டே போய்த் தொட்டியின் மறுமுனையைத் தொட்டது. இரண்டு ஓரங்களும் போட்ட இடத்திலேயே இருந்தன.

"ஓரம் ஏன் நிக்குது?"

"கண்ணாடி அழுக்கா இருக்கும் மேடம். அதான் ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அப்ப கழுவு."

தொட்டியை வடித்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தான். மூலைகளை நகத்தால் சுரண்டினான். துணியால் துடைத்து ஃபேன் காற்றில் உலர வைத்தான்.

வாசலில் மரியதாஸ் வந்து நின்றான். இடது கன்னம் வீங்கியிருந்தது.

"ஏல மகாராசா! அடிச்ச கையால பெட்டியைத் தூக்கிட்டு வா. டிரைவர் கத்துதாரு."

முப்புடாதி திரும்பவில்லை.

"இவன் வாயால பேசமாட்டான் மேடம். நமக்கெல்லாம் கையாலதான் பதில்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். முப்புடாதி மறுபடி கிளிசரினை ஓடவிட்டான். அது சீராக ஓடும்வரை காத்திருந்தான். மறுபடி குறுக்கே கோடு போட்டான். நடுப்பகுதி போய்விட்டது. ஓரத்துச் சிவப்பு அசையவில்லை.

"நல்லாத்தான் கழுவுனேன் மேடம்."

"நல்லாத்தான் கழுவியிருக்கே."

"அப்ப அதுக்கு என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல. நடுவுல போறதும் இதே கிளிசரின்தான். இது கண்ணாடியைத் தொட்டுக்கிட்டு இருக்கு."

"இன்னும் வேகமா ஓடவிட்டா?"

"எவ்வளவு வேகமா ஓடவிட்டாலும் தொட்டுக்கிட்டு இருக்கிறது ஓடாது."

முப்புடாதி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். சேவியரின் விரல்கள் ஒவ்வொன்றாகச் சில்லிட்டது அந்தக் கைக்குள்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். வகுப்பே அழுதபோது வராத அழுகை அப்போது வந்தது. மேடம் தேற்றவில்லை. கேனை மட்டும் ஓசைப்படாமல் மூடி வைத்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. விசிலும் பாட்டுமாக பஸ் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்தது.

மரியதாஸ் அங்கேயே நின்றான்.

"நீ ஏம்ப்பா ஏறல?" என்று மேடம் கேட்டார்.

"எனக்குக் கிடைச்ச சீட்டு வெயில் பக்கம் மேடம்."

பிறகு அவன் பெட்டியைக் காலால் மெல்லத் தட்டினான்.

"ஏல, இதை எங்க தூக்கணும்? பஸ் ஸ்டாண்டுக்கா, ஹாஸ்டலுக்கா? சொல்லித் தொலை."

முப்புடாதி மேடத்தைப் பார்த்தான். மேடம் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரத்தை விடு. அதுல இருந்து ஒரு நூல் அளவு தள்ளிப் பாரு. அது கண்ணாடியைத் தொடல. நடுவுல இருக்கிறது மாதிரி ஓடிப் போயிருக்கலாம். ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது?"

பரீட்சையில் அவன் மனப்பாடமாக எழுதிய விடைதான்.

"ஓரத்துல நிக்கிறது அதைப் போகவிடாமப் பிடிச்சு..."

பாதியில் நிறுத்திவிட்டு, பஸ்ஸை விட்டுவிட்டுப் பெட்டியருகே நின்றுகொண்டிருந்த மரியதாஸைத் திரும்பிப் பார்த்தான்.